கூதிர்க்குடை: கடற்கரையில் இருந்துகொண்டு பனிமலைச் செடி ஒன்றைப் படைக்கும் முறை

திருகோணமலையில் பனி பெய்யாது. உப்புவெளியிலோ மூதூரிலோ இருந்து மாயநிலக் கதை எழுதுபவர் பனிமலையில் ஓர் அரிய செடியை வைக்க நினைத்தால் கைக்கு முதலில் வருவது ஒளிரும் இதழ், நீல நிறம், சகல நோயும் தீர்க்கும் சாறு. இந்த மூன்றும் கடைசியில் வரவேண்டியவை. மலையை முதலில் எழுப்புங்கள். அடுத்தது காற்றும் குளிரும். செடி அதற்குப் பிறகு, மாயம் எல்லாவற்றுக்கும் பின். இந்த வரிசை மாறினால் செடி சாமித்தட்டில் வைத்த பிளாஸ்டிக் பூவாகத்தான் நிற்கும்.

ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்பு முழுவதும் ‘கூதிர்க்குடை’ என்ற செடியை உதாரணமாக வளர்த்துக் காட்டுகிறது. அது ‘நரைமுடி’ என்ற கற்பனை மலைத்தொடரில் மட்டும் இருப்பது. உங்கள் செடி வேறாக இருக்கும். ஆனால் கேட்கவேண்டிய கேள்விகள் இவைதான்.

மலையின் உயரம்

ஒவ்வொரு 1000 மீற்றர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். திருகோணமலைக் கரையில் சராசரி 28 பாகை என்று வையுங்கள். நுவரெலியா 1868 மீற்றர். கணக்குப் பார்த்தால் 16 பாகை வரும், உண்மையும் அதுதான். இலங்கையின் மிக உயர்ந்த பீதுருதலாகலை 2524 மீற்றர். அங்கே 11 அல்லது 12 பாகை. மாசி மாத அதிகாலையில் நுவரெலியாப் புல்லில் உறைபனி படிவதுண்டு, ஆனால் வெண்பனி நிலைப்பதற்கான உயரம் எங்கள் நாட்டில் எங்கும் இல்லை. இதே கணக்கை நீட்டினால் 4300 மீற்றரில் சராசரி பூச்சியத்துக்கு வந்துவிடும். மரங்கள் அதற்கு வெகு முன்னரே நின்றுவிடும். வளரும் பருவத்தின் சராசரி ஏறத்தாழ 6 பாகைக்குக் கீழே போனால் மரம் மரமாக வளராது, குட்டையாகிப் பின்னர் இல்லாமலே போகும். உங்கள் செடி அந்த மரக்கோட்டுக்கு மேலே வாழ்வது. கதையில் அதன் பக்கத்தில் ஒரு மரம் நின்றால் அந்தப் பக்கத்தைத் திருப்பி எழுதுங்கள்.

தமிழில் எழுதுபவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. மலை என்றதும் மனம் குறிஞ்சித் திணைக்குப் போகும்: வேங்கை மரம், தேன்கூடு, தினைப்புனம், அருவி, கிளி. அது மழை பெய்யும் காட்டுமலை. மரம் நின்றுபோன உயரத்துக்கு மேலே இந்தக் கருப்பொருள்களில் ஒன்றுகூட ஒத்துழைக்காது. குறிஞ்சிக்குரிய கூதிர் என்ற குளிர்ப் பொழுதையும் யாமம் என்ற நள்ளிரவையும் வேண்டுமானால் மேலே கொண்டுபோகலாம். தேனையும் தினையையும் கீழேயே விட்டுவிடுங்கள்.

‘பனி’ என்ற சொல்லையும் பிரித்துக்கொள்ளவேண்டும். புல்லில் நிற்கும் துளியும் பனி, கண்ணை மறைக்கும் புகாரும் பனி, கொட்டிக் குவிவதும் பனி. எங்களுக்கு ஒரே சொல் போதும், மலையில் வாழும் பாத்திரங்களுக்குப் போதாது. பனித்துளி, மூடுபனி, உறைபனி, வெண்பனி, பனிக்கட்டி என்று ஐந்தையும் கொப்பியில் எழுதி, எது எந்தக் காட்சியில் வருகிறது என்று குறியுங்கள். செடியைக் கொல்வது பெரும்பாலும் உறைபனி. வெண்பனி போர்வைபோல் மூடிக் காப்பாற்றவும் செய்யும்.

எந்தத் திசையின் மலை

இதுதான் அதிகம் பேர் கேட்காமல் விடும் கேள்வி. பூமத்திய ரேகைக்குக் கிட்டிய மலையில் மாரி, கோடை என்ற பெரும் வேறுபாடு இல்லை. பகலில் கோடை, இரவில் மாரி, அதுவும் ஆண்டு முழுவதும். கிளிமஞ்சாரோவின் பெரிய செனேசியோ மரச்செடிகள் இரவானதும் இலைக்கொத்தை மொட்டுப்போல் மூடிக்கொள்வதும், காய்ந்த இலைகளை உதிர்க்காமல் தண்டைச் சுற்றிச் சட்டைபோல் வைத்திருப்பதும் இதனால்தான். இமயம்போல் வடக்கே உள்ள மலையில் கதை வேறு. பாதி ஆண்டு வெண்பனிக்குள் உறக்கம். கிடைக்கும் மூன்று நான்கு மாதத்துக்குள் இலை, பூ, விதை எல்லாம் முடியவேண்டும்.

இரண்டையும் கலந்துவிடாதீர்கள். தினமும் இலை மூடும் செடிக்கு நீண்ட பனிக்கால உறக்கம் தேவையில்லை. நரைமுடிக்கு நாம் வடக்கு வகையைத் தெரிவு செய்கிறோம்: வளரும் காலம் 14 வாரம்.

காற்றுக்கு வெளியே தேடவேண்டாம். வைகாசி தொடக்கம் ஆவணி வரை இங்கே அடிக்கும் கச்சான் ஏன் சுடுகிறது? தென்மேற்கிலிருந்து வரும் காற்று மத்திய மலையின் அந்தப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகிறது. உங்கள் மலைக்கும் ஒரு ஈரப்பக்கமும் ஒரு கச்சான் பக்கமும் இருக்கவேண்டும். செடி எந்தப் பக்கம் என்று முடிவெடுங்கள். ஈரப்பக்கத்தில் வெண்பனி அதிகம், பனிக்காலக் காப்பும் அதிகம், ஆனால் அது உருகப் பிந்துவதால் வளரும் நாள் குறையும். காய்ந்த பக்கத்தில் நாள் கிடைக்கும், போர்வை கிடைக்காது. கூதிர்க்குடை ஈரப்பக்கத்தில், தெற்கு நோக்கிய பாறைச் சரிவில் மட்டும்.

உடல்: கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள்

மலைச்செடியைக் காணாதவர் அதன் உறவுமுறையை எங்கள் கரையில் காணலாம். ஓயாத காற்று, கண்ணைக் கூசும் வெயில், வேருக்கு எட்டாத நல்ல தண்ணீர்: நெய்தல் மணலிலும் இந்த மூன்றும்தான், பனிமலையிலும் இந்த மூன்றும்தான். மலையில் நீர் கண்முன்னே கட்டியாகக் கிடக்கும், வேரால் குடிக்கமுடியாது. கரையில் கடல் முழுக்க நீர், உப்பு விடாது.

அடம்பன் கொடி நிமிராமல் மணலோடு படிந்து ஓடுவதைப் பாருங்கள். தரையோடு ஒட்டிய ஒரு சாண் உயரத்தில் காற்றின் வேகம் குறைவு. மலைச்செடிகளில் பல இந்தத் தந்திரத்தையே மெத்தை வடிவமாக்கியிருக்கின்றன: நூற்றுக்கணக்கான சிறு கிளைகள் நெருங்கி ஒரு பந்துபோல். வெயில் நாளில் அந்த மெத்தைக்குள் வெளிக்காற்றைவிடப் பத்துப் பாகைக்கு மேல் சூடாக இருக்கும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சும்மா சொல்லவில்லை. இராவணன் மீசையின் இலை விறைத்து ஊசியாக இருப்பதும், அதன் விதைப்பந்து காற்றோடு உருண்டு ஓடுவதும் இன்னொரு பாடம்.

எருக்கிலை ஒன்றைப் பறித்து இந்தச் சோதனையைச் செய்யுங்கள். இளம் இலையின் ஒரு பாதியை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் வெண்பூச்சு போய்க் கடும்பச்சை தெரியும். இரண்டு பாதியிலும் சில துளி நீர் விடுங்கள். பூச்சுள்ள பாதியில் நீர் உருண்டு ஓடும், துடைத்த பாதியில் பரவி ஒட்டும். பனிமலையில் இலைமேல் ஒட்டிய நீர் இரவில் உறையும். ஆகவே வெண்மயிர் மலைச்செடிக்கு அலங்காரம் அல்ல. நனையாமலிருக்க, கடும் வெயிலைத் தெறிக்கவிட, நீராவியைப் பிடித்துவைக்க. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே பேனையைத் தொடுங்கள்.

ஆல்ப்ஸ் மலையின் எடல்வைஸ் இதற்கு நல்ல சாட்சி. வெள்ளை இதழ் என்று எல்லோரும் நினைப்பது மயிர் போர்த்திய இலைதான். உண்மையான பூ நடுவில் இருக்கும் சின்ன மஞ்சள் பொட்டுகள்.

குளிர் என்ன செய்கிறது என்பதை வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியே காட்டும். வல்லாரை இலை நாலைந்தை மேல்தட்டில், ஐஸ் உறையும் இடத்தில், ஓர் இரவு வையுங்கள். எடுத்ததும் கண்ணாடித் தகடுபோல் அழகாக இருக்கும். அரை மணித்தியாலம் வெளியே விட்டால் கறுத்துத் துவண்டு நீர் கக்கும். உறையும் நீர் கலங்களிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, சவ்வைக் கிழித்துவிட்டது. ‘பனியில் உறைந்த மலர் காலையில் மீண்டும் சிரித்தது’ என்று எழுதுமுன் இந்த வல்லாரையை நினையுங்கள். மீண்டும் சிரிக்கவேண்டுமென்றால் அதற்கு ஒரு வழி சொல்லவேண்டும்.

வழி ஒன்று சீனி. ஒரு கோப்பையில் 200 மில்லிலீற்றர் வெறும் தண்ணீர், இன்னொன்றில் அதே அளவு தண்ணீரில் நான்கு மேசைக்கரண்டி சீனி. இரண்டையும் ஒன்றாக உறைய வையுங்கள். சீனித் தண்ணீர் பிந்தித்தான் உறையும், உறைந்தாலும் கரண்டியால் சுரண்டலாம். ஐஸ்பழத்தைக் கடிக்க முடிவதும் ஐஸ்கட்டி பல்லைப் பதம் பார்ப்பதும் இந்த வித்தியாசம்தான். குளிர் நெருங்கும்போது மலைச்செடிகள் பல கலங்களுக்குள் சீனியைக் கூட்டிக்கொள்கின்றன. உங்கள் செடியின் கிழங்கு பனிக்கால முடிவைவிடத் தொடக்கத்தில் இனிப்பாக இருக்கும் என்று எழுதினால், வாசகர் காரணம் தெரியாமலே நம்புவார்.

இனி கூதிர்க்குடையின் உடலைக் கொப்பியில் எழுதலாம். வாழ்விடம் 4200 தொடக்கம் 4500 மீற்றர். முதல் 29 ஆண்டும் பாறையிடுக்கில் உள்ளங்கை அகல இலைவட்டம் மட்டும்; 12 முதல் 16 இலை, சாம்பல் மயிர். வேர் நான்கு முழம். முப்பதாம் ஆண்டில் மூன்று சாண் உயரத் தண்டு எழும். அதைச் சுற்றிக் கவிழ்த்த கிண்ணங்கள்போல், ஒளி புகும் வெளிறிய மூடிலைகள். உள்ளே கடுகளவு மஞ்சள் பூக்கள். விதை முற்றியதும் செடி செத்துவிடும்.

இந்த மூடிலை ஒன்றும் எங்கள் கைச்சரக்கு அல்ல. இமயத்தில் 4000 மீற்றருக்கு மேலே வளரும் ரியூம் நோபிலே என்ற செடி ஆள் உயரத்துக்கு எழுந்து, தன் பூவைச் சுற்றி வெளிறிய இலைகளால் கண்ணாடி வீடு கட்டுகிறது. அந்த இலை வெளிச்சத்தை உள்ளே விட்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. உள்ளே சூட்டில் ஒதுங்கும் சிறு ஈக்கள் மகரந்தம் சேர்க்கின்றன, கூலியாக அவற்றின் புழுக்கள் விதையில் ஒரு பங்கைத் தின்கின்றன. வண்ணத்துப்பூச்சிக் கூட்டத்தை அந்த உயரத்துக்கு ஏற்றுபவர்கள் இந்த ஈயைக் கவனிக்கவேண்டும். குளிரில் பூச்சிக்குத் தேனைவிடச் சூடு பெரிய சம்பளம்.

அரிது என்றால் எவ்வளவு அரிது

‘நூறாண்டுக்கு ஒருமுறை பூக்கும்’ என்பது கணக்கில்லாத பேச்சு. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்தாலும், பூக்கும்போது மலையே நீலமாகும். 2018 இலும் அதற்கு முன் 2006 இலும் அப்படித்தான். அது இடைவெளி, அருமை அல்ல. அருமைக்குத் தனிக் காரணம் வேண்டும்: வாழிடம் குறுகியது, முளை பிழைப்பது கடினம், அல்லது மனிதர் தோண்டுகிறார்கள். கூதிர்க்குடைக்கு இரண்டாவதும் மூன்றாவதும். இரவுதோறும் ஈர மண் உறைந்து ஊசி ஊசியாக மேலெழும்பி நாற்றைப் பிடுங்கி எறிந்துவிடும். கல்லிடுக்கில் விழுந்த விதை மட்டும் தப்பும்.

இப்போது எண்களைப் போடுங்கள். ஒரு சரிவில் 600 செடி. ஒவ்வொரு வயதிலும் 20. ஆண்டுக்கு 20 செடி முப்பது வயதை அடைந்து பூக்கும். ஒன்றுக்கு 400 விதை, மொத்தம் 8000. அவற்றில் 20 மட்டும் பிழைத்தால் தொகை மாறாது. மருந்துக்காரர்கள் பூத்த இருபதையும் விதைக்கு முன்னரே வெட்டுகிறார்கள் என்று வையுங்கள். அடுத்த ஆண்டு எத்தனை பூக்கும்? அதே 20. பத்தாண்டு கழித்தும் 20. ஏனென்றால் அவை முன்னரே முளைத்தவை. இருபத்தொன்பது ஆண்டுக்கு அறுவடையில் ஒரு குறையும் தெரியாது. அதன் பிறகு ஒன்றுமே பூக்காது.

கதைக்கு இதைவிட நல்ல முடிச்சு கிடைப்பது கடினம். சாபமும் வேண்டாம், அரக்கனும் வேண்டாம். ‘அப்பாச்சி காலத்திலயும் இருபதுதான், இப்பவும் இருபதுதான்’ என்று ஊர் முழுக்கச் சொல்லும். ஒரு சிறுமி மட்டும் ‘குட்டிச் செடி ஒண்டையும் காணேல்லையே’ என்று கேட்பாள். நீங்கள் வேறு எண் வைத்தால் அதே கணக்கை மீண்டும் போடுங்கள். பூக்கும் வயதும் அழிவு தெரியவரும் காலமும் எப்போதும் சேர்ந்தே நகரும்.

தோண்டுவது செடியையே மாற்றும் என்பதையும் பயன்படுத்தலாம். தென்மேற்குச் சீனத்தில் இருமல் மருந்துக்காகக் கிழங்கு எடுக்கப்படும் பிரிட்டிலாரியா டெலவயி, ஆட்கள் அதிகம் தோண்டும் சரிவுகளில் பச்சை மங்கிக் கல்லின் நிறத்துக்கு மாறியிருக்கிறது. பச்சையாகத் தெரிந்தவை பிடுங்கப்பட்டன, தெரியாதவை விதைபோட்டன. உங்கள் மலையின் இரண்டு சரிவுகளில் ஒரே செடி இரண்டு நிறமாக இருந்தால், எந்தச் சரிவுக்குப் பக்கத்தில் ஊர் இருக்கிறது என்று சொல்லாமலே சொல்லலாம்.

பெயர்

தமிழ்ச் செடிப்பெயர்கள் பெரும்பாலும் கண்ணும் கையும் வைத்த பெயர்கள். தொட்டாற்சுருங்கி, கீழ்க்காய்நெல்லி, குப்பைமேனி, இராவணன் மீசை: செடி என்ன செய்கிறது, காய் எங்கே இருக்கிறது, எதைப்போல் தெரிகிறது. ‘வெண்சந்திர தேவமலர்’ மாதிரியான பெயரை எந்த ஆட்டிடையனும் வைக்கமாட்டான். ஒரே செடிக்கு மூன்று பெயராவது கொடுங்கள். நரைமுடியில் இடையர் அதை ‘நரைச்சி’ என்பார்கள், அவர்கள் காண்பது இருபத்தொன்பது ஆண்டும் இலைவட்டம்தான். வைத்தியர் பூத்த பிறகே பார்ப்பதால் அவருக்குக் ‘கூதிர்க்குடை’. அடிவார வியாபாரிக்கு அது வெறும் ‘வெள்ளைத் தோல்’. இரண்டும் ஒரே செடி என்று இடையருக்கும் வைத்தியருக்கும் தெரியாமல் இருப்பதே ஓர் அத்தியாயத்துக்குப் போதும்.

மாயம்

ஒன்றே ஒன்று கொடுங்கள். அது செடி ஏற்கனவே செய்யும் வேலையின் நீட்சியாக இருக்கட்டும். கூதிர்க்குடை சூட்டைப் பிடித்துவைக்கும் செடி. ஆகவே அதன் காய்ந்த மூடிலை பகல் சூட்டை இரவில் திருப்பித் தரும். அளவு: ஒரு பகல் முழுக்க வெயிலில் வைத்தால் நெஞ்சோடு கட்டிக்கொண்டவருக்கு நான்கு நாழிகை, அதாவது 96 நிமிடச் சூடு. ஏழு முறைக்குப் பிறகு இலை பால்போல் மங்கிச் செத்துவிடும். ஓர் இரவு 30 நாழிகை என்பதால், விடியும்வரை உயிர் தப்ப எட்டு மூடிலை வேண்டும். ஒரு செடியில் ஆறுதான். மிச்ச ஆறு நாழிகைக்கு உங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்பது உங்கள் வேலை.

விலையை மறக்கவேண்டாம். விதை முற்றுமுன் வெட்டிய மூடிலைக்கு முழு வலிமை, முற்றிய பின் வெட்டினால் பாதி. ஏனெனில் அந்தச் சூடு விதைக்கென்று வைத்தது. இந்த ஒரு விதியால் மேலே போட்ட இருபது செடிக் கணக்கும் மாயமும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டுவிடும். அப்படிக் கட்டுப்படாத மாயத்தை வெட்டி எறியுங்கள். இரவில் ஒளிரும் பூ, பாடும் வேர் எல்லாம் இந்தச் செடிக்கு உபரிச் செலவு. 14 வார வெயிலை மட்டும் சாப்பிடும் செடி அத்தனை ஊதாரித்தனம் செய்யாது.

கீழே கொண்டுவருதல்

எப்படியும் யாரோ ஒருவர் அதைக் கடற்கரைக்குக் கொண்டுவருவார். கதை என்றால் அப்படித்தான். உயிருள்ள செடி பிழைக்காது. பகல் வெயில் அல்ல, இரவின் வெக்கைதான் கொல்லும். செடி இரவில் சேமித்த சீனியை எரித்து மூச்சு விடுகிறது. பத்துப் பாகை கூடினால் அந்த எரிப்பு ஏறத்தாழ இரட்டிக்கும். 3 பாகை இரவில் பழகியது 28 பாகை இரவில் ஐந்து மடங்குக்கு மேல் எரிக்கும். பகலில் சம்பாதிப்பது இரவில் போதாது. முதல் கிழமை செழிப்பாகவே தெரியும், பின்னர் இலை வெளிறும், இறுதியில் வாடை மழையில் வேர் அழுகும். ‘நீர் ஊற்றினான், ஆனாலும் வாடியது’ என்று எழுதாமல் இந்த வரிசையை எழுதுங்கள்.

வெட்டிய தண்டை மட்டும் கொண்டுவருவதென்றால் மீன்காரரின் முறையைப் பின்பற்றலாம். ரெஜிபோம் பெட்டி இல்லாத உலகில் இரட்டைக் கூடை: வெளிக்கூடைக்கும் உள்கூடைக்கும் இடையே நான்கு விரற்கடை உமி, உள்ளே ஒரு அடுக்கு இறுக்கிய வெண்பனி, ஒரு அடுக்குச் செடி, மீண்டும் வெண்பனி. அடியில் துளை கட்டாயம். உருகிய நீர் தேங்கினால் மீன் கெடுவதுபோல் செடியும் கெடும். பகலில் நடக்காமல் இரவில் இறங்குவார்கள், நிழலில் படுப்பார்கள். அப்படியும் மூன்றாம் நாள் உமி நனைந்து கூடை கனக்கும். அங்கேதான் சுமைகாரர் கூலி கூட்டிக் கேட்பார்.

விதையாகக் கொண்டுவருவது இலகு, முளைக்க வைப்பதுதான் சிக்கல். மலைச்செடி விதைகள் பல, குளிரும் ஈரமும் சேர்ந்த சில வாரங்களைக் காணாமல் முளைக்காது. அதனால் கரையில் விதைத்தவன் ஆண்டு முழுக்கக் காத்திருந்து ‘போலி விதை’ என்று வியாபாரியோடு சண்டைக்குப் போவான். விதையை ஈர மணலோடு மண்கலத்தில் இட்டு, பனிக்கட்டிக் குகையில் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வைத்து எடுத்திருந்தால் முளைத்திருக்கும். முளைத்ததும் அதே 28 பாகை இரவு காத்திருக்கும்.